வில்கபம்பாவில் அம்மாவோடு ஆறு கிழமை: ஆற்றங்கரையா, மலைச்சரிவா, ஊருக்குள்ளா?

நிலா_டொரொன்டோ கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம்.

ஜனவரி கடைசியில் இருந்து ஆறு கிழமை அம்மாவோடு ஈக்வடாரில் இருக்கப் போகிறேன். இங்கே பனிக்காலத்தில் அம்மாவால் வெளியே கால் வைக்க முடிவதில்லை. போன மாரி முழுக்க ஜன்னலடியிலேயே இருந்தார். எனக்கு வேலை மடிக்கணினியில்தான். ஈக்வடாரும் டொரொன்டோவும் மாரி காலத்தில் ஒரே நேரம் என்பதால் அலுவலகத்திலும் தடை சொல்லவில்லை.

ஊர் முடிவாகிவிட்டது: தெற்கே லோஹா மாகாணத்தில் இருக்கும் வில்கபம்பா. கீட்டோ, குஸ்கோ போன்ற உயரமான இடங்களில் கிழமைக் கணக்கில் தங்குவது அம்மாவின் பிரஷருக்கு வேண்டாம் என்று குடும்ப வைத்தியர் சொன்னார். வில்கபம்பா சுமார் 1,500 மீட்டர் என்றதும் சம்மதித்தார்.

அம்மாவுக்கு 68 வயது. சீனி வருத்தம், பிரஷர் இரண்டுக்கும் குளிசை எடுக்கிறார். இடது முழங்கால் தேய்ந்திருக்கிறது. சமதரையில் அரை மணி நேரம் நடப்பார், இறக்கம்தான் கஷ்டம். மரக்கறிச் சாப்பாடு, முட்டை சேர்ப்பார்.

மூன்று இடங்கள் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது, ஆற்றங்கரையில் மண் சுவர்க் குடில். யோகா, மூலிகைக் குளியல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே விலை. நூறு வயது தாண்டியவர்கள் குடித்த ஊற்றுத் தண்ணீர்தான் குடிலுக்கு வருகிறதாம். இரண்டாவது, ஊருக்குத் தெற்கே மலைச்சரிவில் ஒரு விடுதி. மூன்றாவது, ஊர்ச் சதுக்கத்தில் இருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு குடும்பம் வாடகைக்கு விடும் சின்ன வீடு. குசினி, முற்றம் உண்டு. படங்கள் மங்கலாக இருக்கின்றன, பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை.

மனம் முதலாவதிலேயே நிற்கிறது. போய் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பயணி_கார்த்தி:

நான் பெருவுக்குப் போகிற வழியில் சில நாள் தங்கினேன். என் ஓட்டு மலைச்சரிவுக்குத்தான். ஊரிலிருந்து தெற்கே சும்பா சாலையில் இரண்டு கிலோமீட்டர் போனால் இஸ்காய்லுமா என்ற விடுதி. பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் கிடக்கும், எதிரே மந்தாங்கோ மலை. காலையில் யோகா, பிறகு நீச்சல் குளம், மாலையில் ஊஞ்சல் கட்டில். வேறு என்ன வேண்டும்? நடந்து ஊருக்கு இறங்க அரை மணி நேரம்தான். திரும்பும்போது வண்டி பிடித்துக்கொள்ளலாம். அம்மாவுக்கும் அந்தக் காட்சி மறக்காது.

வேலு_லோஹா:

நிலா, உங்கள் பதிவைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் மண் ஆய்வாளன், சொந்த ஊர் நத்தம் பக்கம். ஆராய்ச்சி வேலைக்காகக் குடும்பத்தோடு லோஹா நகரத்துக்கு வந்து, அப்புறம் வில்கபம்பாவிலேயே வாடகைக்கு வீடு பிடித்து இருந்தவன். அந்த ஊர் மேல் எனக்கு ரொம்பப் பிரியம். அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

என் பதில் மூன்றாவது வீடு. காரணத்தை உங்கள் அம்மாவின் ஒரு நாளை வைத்துச் சொல்கிறேன்.

நீங்கள் காலை ஒன்பது மணிக்கு மடிக்கணினி முன் உட்கார்ந்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு அம்மா எங்கே போவார்? கார்த்தி தம்பி சொன்ன இடம் நல்ல இடம், சந்தேகமில்லை. ஆனால் அரை மணி நேர இறக்கம் என்று அவர் போகிறபோக்கில் சொன்னதுதான் உங்கள் அம்மாவுக்கு முழுப் பிரச்சினை. என் மாமியார் எங்களோடு வந்து இருந்தபோது, முதலில் ஒரு நண்பரின் மலைமேல் வீடு கிடைத்தது. காட்சிக்குக் குறைவில்லை. ஆனால் அவர் வாசலோடு சரி. எங்கே போவதென்றாலும் நான் வண்டிக்குச் சொல்ல வேண்டும், யாராவது கூட வர வேண்டும். ஊருக்குள் வீடு மாறிய பிறகு காலையில் ஆறரைக்குத் தானே கிளம்பிவிடுவார். சதுக்கம், சர்ச் வாசல், ரொட்டிக் கடை, திரும்பி வருகிற வழியில் வாழைப்பழம். எதிரே வருகிற எல்லோருக்கும் "புவெனோஸ் தியாஸ்" சொல்வார். அந்த ஊரில் காலை வணக்கம் சொல்லாமல் யாரும் யாரையும் கடந்து போக மாட்டார்கள். சில வாரத்தில் பழக்கடை அம்மா அவருக்காகவே நல்ல அவகாடோவாக எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு வார்த்தை பொது மொழி இல்லாமல் இருவருக்கும் எப்படிப் பேச்சு நடந்தது என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

உங்கள் அம்மா ஜன்னலடியில் இருந்து எழுந்து வெளியே வர வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவு தூரம் போகிறீர்கள்? அப்படியானால் வாசலுக்கு வெளியே சமதரை வேண்டும், யாரையும் எதிர்பார்க்காமல் நடந்து போகக்கூடிய ஓர் இடம் வேண்டும். வில்கபம்பாவில் அது சதுக்கத்தைச் சுற்றியுள்ள சில தெருக்களில்தான் கிடைக்கும். அதைத் தாண்டினால் ஒன்று ஆற்றை நோக்கி இறக்கம், இல்லையென்றால் மேட்டை நோக்கி ஏற்றம்.

அடுத்தது மழை. ஜனவரி கடைசியில் இருந்து ஆறு வாரம் என்றால் சரியாக மழைக்காலத்தின் நடுவில் போகிறீர்கள். பிப்ரவரி, மார்ச்தான் அங்கே கனமழை. பயப்பட வேண்டாம், பல நாள் காலையில் நல்ல வெயில் இருக்கும், மதியத்துக்கு மேல்தான் கொட்டும். பூமத்திய ரேகையில் இருந்து நாலு டிகிரிதான் தெற்கே என்பதால் காலை வெயிலே சுள்ளென்று இருக்கும், தொப்பி அவசியம். மழைக்காலத்தில் பள்ளத்தாக்கு பச்சைப் பசேல் என்று இருப்பதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் மனசு நிறையும். ஆனால் ஆற்றங்கரைக் குடில்களுக்குப் போகிற வழி பெரும்பாலும் மண் வழி. ஊரின் இரண்டு பக்கமும் சம்பா, உச்சிமா என்று இரண்டு ஆறுகள் வந்து சேர்கின்றன. கோடையில் குழந்தைகள் கால் நனைக்கிற ஆறு, மேலே மழை பெய்தால் பழுப்பாகப் புரண்டு வரும். அந்த மண் களிமண் கலந்தது. ஈரமானால் செருப்பைப் பிடித்து இழுக்கும், சரிவில் வழுக்கும். இது என் தொழில் என்பதால் அடித்துச் சொல்கிறேன்: தேய்ந்த முழங்காலோடு பிப்ரவரியில் அந்த வழியில் நடக்கக் கூடாது. ஆற்றோரக் குடில் ஒன்றில் எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பதி மாட்டிக்கொண்டார்கள். வண்டிக்காரர் சேற்றைப் பார்த்துவிட்டு வர மறுத்துவிட்டார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். அவர்களுக்கு வயது முப்பது.

இனி அந்த ஊற்றுத் தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஊரில் பாதி வாடகை இந்தக் கதையின் மேல்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

1970-இல் அலெக்சாண்டர் லீஃப் என்ற ஹார்வர்டு மருத்துவர் அங்கே போனார். நூறைத் தாண்டியவர்கள் என்று சொல்லிக்கொண்ட பலரைச் சந்தித்தார். 1973 ஜனவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் அவருடைய கட்டுரை வந்ததும் வில்கபம்பாவை உலகமே தெரிந்துகொண்டது. மிகேல் கார்ப்பியோ என்ற முதியவர் அவரிடம் தன் வயது 121 என்று சொல்லியிருந்தார். 1974-இல் லீஃப் திரும்பப் போனபோது அதே மனிதர் 132 என்றார். நாலு வருஷத்தில் பதினொரு வயது. லீஃபுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு ரிச்சர்ட் மேசெஸ், சில்வியா ஃபோர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தேவாலயப் பதிவேடுகளையும் பிறப்பு இறப்புப் பதிவுகளையும் ஒவ்வொரு குடும்பமாகப் பொருத்திப் பார்த்தார்கள். நூறு வயது என்று சொன்ன ஒருவர்கூட நூறைத் தொட்டிருக்கவில்லை. அவர்களுடைய சராசரி வயது 86. ஒரே குடும்பத்தில் தாத்தா பேர், மாமா பேர் என்று அதே பெயரைத் திரும்பத் திரும்ப வைப்பதால் பழைய பதிவு ஒன்றை இப்போதைய ஆளுக்குச் சேர்த்துவிடுவது சுலபமாக இருந்திருக்கிறது. எழுபது தாண்டியதும் வயதைக் கூட்டிச் சொல்வதும் வழக்கமாக இருந்திருக்கிறது.

அதற்காக அந்த முதியவர்களைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். எண்பதிலும் சரிவில் ஏறி மக்காச்சோளம் ஒடித்தவர்கள் அவர்கள். அந்த மரியாதை எனக்கு எப்போதும் உண்டு. தண்ணீரால் வந்த ஆயுள் என்று சொல்லி உங்களிடம் கூடுதல் காசு வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். நாங்கள் அங்கே குடித்தது பிடோன் என்கிற 20 லிட்டர் கேன் தண்ணீர்தான். மூலையில் இருக்கிற கடையில் சொன்னால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். நீங்களும் அதையே குடியுங்கள்.

வீட்டைப் பணம் கட்டி உறுதி செய்வதற்கு முன் அந்தக் குடும்பத்திடம் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். அடுப்பு கேஸா, மின்சாரமா? குளியலறையில் வெந்நீர் எப்படி வருகிறது? மேலே தொட்டி இருக்கிறதா? ஏன் சொல்கிறேன் என்றால், 2024 கடைசியில் நாடு முழுக்க மின்வெட்டு, சில நாள் 14 மணி நேரம் வரை போனது. அந்த நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம். பௌத்தே ஆற்று அணைகளில் தண்ணீர் குறைந்தால் எல்லா ஊரும் இருட்டுதான். அந்த ஆற்றில் தண்ணீர் குறைகிற காலம் அக்டோபரில் இருந்து மார்ச் வரை. வில்கபம்பாவில் மழை கொட்டும்போதே அங்கே வறட்சி இருக்கலாம். கேஸ் அடுப்பும், கேஸில் ஓடுகிற காலெஃபோன் வெந்நீர்க் கருவியும், மேலே தொட்டியும் உள்ள வீட்டில் மின்சாரம் போனாலும் சமையலும் குளியலும் நிற்காது. 15 கிலோ சிலிண்டருக்கு அரசு மானியம் உண்டு, வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டினாலும் சில டாலர்தான். மோட்டார் போட்டுத்தான் தண்ணீர் என்றால் வேறு வீடு பாருங்கள்.

உங்கள் வேலைக்கு: ஊருக்குள் ஃபைபர் இணைப்பு உள்ள வீடு கிடைக்கும். ரூட்டருக்கு ஒரு சின்ன பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள். மலைமேல் பல இடங்களில் கூரையில் செயற்கைக்கோள் தட்டு வைத்திருப்பார்கள். இடி மழை நேரத்தில் கூட்டத்தில் பேசிக்கொண்டே இருக்க முடியும் என்று அதை நம்ப வேண்டாம்.

மாலதி_பெர்லின்:

வேலு அண்ணா சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் ஊருக்குள் இருக்கிற சத்தத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். நானும் என் மகளும் சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்தோம். சனிக்கிழமை ஆனால் லோஹாவில் இருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஸ்பீக்கர், வாணவேடிக்கை, பிறகு நாய்கள், விடியற்காலையில் சேவல். தூக்கம் கெட்டால் சர்க்கரையும் பிரஷரும் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் கடைசியில் சான் பெத்ரோ தெ வில்கபம்பாவுக்கு மாறினோம். லோஹா சாலையிலேயே சற்று முன்னால் இருக்கிற சின்ன ஊர். வெளிநாட்டுக்காரர்கள் குறைவு. எல்லா பஸ்ஸும் அந்த வழியாகத்தான் போகின்றன. எங்களுக்கு அதுதான் நிம்மதியாக இருந்தது.

இன்னும் கொஞ்சம் தள்ளி மலக்காத்தோஸ் இருக்கிறது. கரும்பு விளைகிற ஊர், வில்கபம்பாவைவிடக் கொஞ்சம் சூடு. சுகவாசத் தலம் என்ற பேச்சே அங்கே கிடையாது, ஈக்வடார்க்காரர்கள் அவர்கள் பாட்டுக்கு வாழ்கிற ஊர். எனக்கு அது மிகவும் பிடித்தது.

நிலா_டொரொன்டோ:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வேலு அண்ணா, உங்கள் மாமியாரின் ரொட்டிக் கடை நடையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பழக்கடைக்காரி இன்னும் இருக்கிறாவா?" என்று கேட்கிறார்.

இன்னும் சில கேள்விகள். குடில்காரர்களுக்கு எழுதிக் கேட்டதில், கிழமைக்கு ஒரு முறை சான் பெத்ரோ கள்ளிச் சடங்கு உண்டு, விரும்பினால் அம்மாவும் கலந்துகொள்ளலாம், மூட்டு வலிக்கு நல்லது என்கிறார்கள். இது என்ன? அப்புறம் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? நாட்டில் கலவரம் என்று செய்தியில் பார்த்த அண்ணர் போக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். மரக்கறிச் சாப்பாடு எப்படி?

வேலு_லோஹா:

அந்தப் பதில் எழுதிய குடிலை இப்போதே பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். இதில் நான் கண்டிப்பாகவே பேசுவேன்.

சான் பெத்ரோ என்பது அந்த மலைகளில் வளரும் உயரமான கள்ளி. அதில் இருப்பது மெஸ்கலின், இல்லாத காட்சிகளைக் காட்டுகிற போதைப் பொருள். ஆண்டிய மக்கள் ஆயிரக்கணக்கான வருஷமாக வைத்தியத்திலும் வழிபாட்டிலும் வைத்திருக்கிற செடி. அவர்களுடைய நம்பிக்கை மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் மெஸ்கலின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். மணிக்கணக்கில் உடம்பை ஆட்டிவைக்கும், வாந்தி வரும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் வெறும் வயிற்றோடு அதில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற 68 வயது அம்மாவிடம் "மூட்டு வலிக்கு நல்லது" என்று சொல்கிறவர்களுடைய மூலிகைக் குளியலையும் நான் நம்ப மாட்டேன். அயவாஸ்கா என்ற போதைக் கஷாயமும் அங்கே சில இடங்களில் உண்டு. மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். வெறும் யோகாவும் மசாஜும் தருகிற நல்ல இடங்கள் ஊரில் இருக்கின்றன. வேண்டுமானால் ஊருக்குள் தங்கிக்கொண்டே காலையில் போய்விட்டு வரலாம்.

ஆஸ்பத்திரி ஊரிலேயே இருக்கிறது, கோகிச்சி ஓத்தானி மருத்துவமனை. சின்னதுதான். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அடிபட்டால் கட்டுப்போடுவது, பிரஷர் பார்ப்பது, இதற்கெல்லாம் போதும். பெரிய விஷயம் என்றால் லோஹாவில் இசித்ரோ அயோரா பொது மருத்துவமனை. தூரம் சுமார் 40 கிலோமீட்டர், மலைப்பாதை என்பதால் ஒரு மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை சில மணி நேரம் அடைபடுவது உண்டு. மலக்காத்தோஸ், சான் பெத்ரோ ஊர்கள் பற்றி மாலதி எழுதியது நல்ல யோசனை, அமைதி உண்மைதான். ஆனால் அம்மாவோடு நீங்கள் ஒருவர்தான் என்பதால் மருத்துவமனைக்கு நடந்தே போகிற தூரத்தில் இருப்பதையே நான் விரும்புவேன். அவசர எண் 911. மாத்திரைகளை ஆறு வாரத்துக்கும் அதற்கு மேலும் கையிலேயே கொண்டுபோங்கள், மருந்துச் சீட்டோடு.

சத்தம் பற்றி மாலதி சொன்னதை மறுக்கவே மாட்டேன். அதனால்தான் உங்கள் வீடு இரண்டு தெரு தள்ளி என்றதும் மகிழ்ந்தேன். சதுக்கத்தின் மேலேயே அறை எடுத்தால் தூங்க முடியாது. படுக்கையறை தெருப் பக்கமா, முற்றத்துப் பக்கமா என்று கேளுங்கள். முற்றத்துப் பக்கம் என்றால் நல்லது. பக்கத்தில் மதுக்கடையோ விழா மண்டபமோ இருக்கிறதா என்றும் கேளுங்கள். உங்கள் ஆறு வாரத்துக்குள் கார்னிவல் திருவிழா வரும். அந்தத் திங்களும் செவ்வாயும் நாடு முழுக்க விடுமுறை. வில்கபம்பா நிரம்பி வழியும், தெருவில் தண்ணீரும் நுரையும் பீய்ச்சுவார்கள், பெரியவர்களையும் விட மாட்டார்கள். அந்த நாலு நாளும் அம்மாவுக்கு வெளிநடை வேண்டாம். மாடியில் இருந்து பார்த்தால் நன்றாகச் சிரிப்பார். பஸ், அறை எல்லாம் அந்த வாரம் விலை ஏறும், அதற்கு முன்பே வீட்டில் குடியேறிவிடுங்கள்.

உங்கள் அண்ணனின் கவலையில் நியாயம் இருக்கிறது. 2024 ஜனவரியில் அரசு கும்பல்களுக்கு எதிராக உள்நாட்டு ஆயுத மோதல் என்றே அறிவித்தது. அதற்குப் பிறகும் நெருக்கடி நிலை பல முறை வந்திருக்கிறது. ஆனால் வன்முறை அதிகம் கடற்கரை மாகாணங்களில்: குவயாக்கில், மச்சாலா, எஸ்மெரால்தாஸ் பக்கம். லோஹா மலைப் பகுதி அதோடு ஒப்பிட்டால் அமைதியானது. எனவே குவயாக்கில் வழியாகப் பஸ்ஸில் வராதீர்கள். கீட்டோவில் இறங்கி, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் கத்தமாயோ. லோஹாவின் விமான நிலையம் அதுதான், பறக்கிற நேரம் ஒரு மணிதான். அங்கிருந்து காரில் லோஹா வழியாக வில்கபம்பா வர இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கீட்டோ 2,850 மீட்டர். ஓர் இரவு தங்க நேர்ந்தால் அம்மா ஓய்வெடுக்கட்டும், படியேற்றம் வேண்டாம், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். விமான நிலையம் நகரத்தைவிடக் கொஞ்சம் தாழ்வான இடத்தில் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே தங்கிவிட்டால் இன்னும் நல்லது. வில்கபம்பாவுக்கு வந்துவிட்டால் நம் ஏற்காட்டு உயரம்தான், மூச்சுப் பிரச்சினை வராது.

ஊரில் பொதுவான ஜாக்கிரதை போதும். மந்தாங்கோ ஏறுகிற பாதையில் முன்பு வழிப்பறி நடந்திருக்கிறது. நீங்கள் மட்டும் ஏற நினைத்தால் தனியாகப் போகாதீர்கள், கைபேசியைத் தவிர எதுவும் வேண்டாம். உச்சிக்கு முன்னால் கத்தி முனை மாதிரி ஒரு பகுதி வரும். மழை பெய்த மறுநாள் அங்கே வேலையே இல்லை.

சாப்பாடு. குசினி உள்ள வீடு என்பதே உங்களுக்குப் பாதி வெற்றி. அரிசி, பருப்பு வகை, மொச்சை, மரவள்ளி, வாழைக்காய், கீரை, தக்காளி, மல்லித்தழை எல்லாம் தாராளம். புளி, மிளகாய்த்தூள், மஞ்சள், உளுந்து டொரொன்டோவில் இருந்து கொண்டுபோங்கள். வெளியே மதியம் "அல்முயெர்சோ" என்று சூப், சோறு, ஜூஸ் எல்லாம் சேர்ந்த சாப்பாடு மூன்று நாலு டாலருக்குக் கிடைக்கும். சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். லோஹாவின் ரெப்பே சூப்பை அம்மாவுக்குக் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். பச்சை வாழைக்காயையும் பாலாடைக்கட்டியையும் கொத்தமல்லி போட்டு வேகவைப்பார்கள். வாயில் வைத்ததும் ஏதோ நம் வீட்டுச் சமையல் என்றே தோன்றும். ஓர்சாத்தா என்று சிவப்பாக ஒரு மூலிகைக் கஷாயம் எல்லா வீட்டிலும் உண்டு, இருபதுக்கு மேற்பட்ட இலையும் பூவும் சேர்த்தது. கடையில் சீனி கொட்டித் தருவார்கள். "சின் அசூகார்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காய்ந்த கட்டாகச் சந்தையில் வாங்கி வீட்டில் கொதிக்க வைத்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒன்று, இது என் மனதுக்கு நெருக்கமானது. 2000-க்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வந்து குடியேறி அங்கே நிலத்தின் விலை ஏறிப்போய்விட்டது. தாத்தா காலத்து வயலை விற்றுவிட்டு, அதே நிலத்தில் கட்டிய குடிலில் தரை துடைக்கிற குடும்பங்களை எனக்கு நேரில் தெரியும். அவர்கள் நம்மிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நீங்கள் கொடுக்கிற ஆறு வார வாடகை அந்த ஊரில் பிறந்த ஒரு குடும்பத்துக்குப் போனால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. படம் மங்கலாக இருப்பதற்குக் காரணம் அவர்களிடம் நல்ல கேமரா இல்லாததாகத்தான் இருக்கும்.

பயணி_கார்த்தி:

அண்ணா சொன்ன பிறகு என் ஓட்டையும் ஊருக்குள்ளேயே மாற்றிப் போடுகிறேன். நிலா அக்கா, ஒரு ஞாயிறு அம்மாவை வண்டியில் அந்த மலைச்சரிவு விடுதிக்குக் கூட்டிப் போய் மதியச் சாப்பாடு சாப்பிடுங்கள். காட்சிக்கு அது போதும். தங்கத் தேவையில்லை.

நிலா_டொரொன்டோ:

வீட்டுக்காரப் பெண்மணிக்கு மொழிபெயர்ப்புச் செயலி வைத்து எழுதினேன். படுக்கையறை முற்றத்துப் பக்கம். கேஸ் அடுப்பு, காலெஃபோன், மேலே தொட்டி மூன்றும் உண்டு. வாசலில் ஒரு படி மட்டும், கைப்பிடி இல்லை. அம்மா வருவதற்குள் போட்டு வைக்கட்டுமா என்று அவராகவே கேட்டார். முழு ஆறு கிழமைப் பணத்தையும் இப்போதே அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

வேலு_லோஹா:

முழுவதும் வேண்டாம். ஒரு வாரத்து வாடகையை முன்பணமாகக் கொடுங்கள், மீதி நேரில் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். "அம்மாவின் முழங்காலுக்கு வீடு ஒத்துவருகிறதா என்று முதல் வாரம் பார்க்க வேண்டும்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துவராவிட்டால் தெருவில் இறங்கி நடங்கள், "சே அர்ரியெந்தா" (வாடகைக்கு) என்ற அட்டை மாட்டிய வீடுகள் கண்ணில் படும். இணையத்தில் வராத வீடுகள் அப்படித்தான் கிடைக்கும், வாடகையும் குறைவு.

அந்த நாட்டில் நாணயம் அமெரிக்க டாலர்தான். ஒன்று, ஐந்து, பத்து டாலர் தாள்களாகக் கொண்டுபோங்கள். கடைகளில் இருபதுக்கே சில்லறை இருக்காது, ஐம்பதை யாரும் தொட மாட்டார்கள். கத்தமாயோவில் இறங்கியதும் கார் வேண்டுமென்றால் வீட்டுக்காரப் பெண்மணியிடமே சொல்லுங்கள். ஊர்ச் சதுக்கத்தில் நிற்கிற கமியோனெத்தாக்காரர்களில் யாரையாவது அனுப்பிவைப்பார். பிக்கப் வண்டி, பின் தட்டில் பெட்டிகள், முன்னால் ஓட்டுநர் பக்கத்து இருக்கை அம்மாவுக்கு. பின்னிருக்கையைவிட அதில் கால் நீட்ட இடம் அதிகம்.

கைப்பிடிக்குச் சரி என்று சொல்லிவிடுங்கள். மரக்கட்டை போதும், வெளியே இறங்கும்போது வலது கைப் பக்கம் வருகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். இடது முழங்கால் என்றீர்களே, இறங்கும்போது அதற்கு எதிர்ப்பக்கம்தான் பிடிமானம் வேண்டும்.